ஜெனட் ரேங்கின் 1941-ல் போட்ட ஒற்றை ஓட்டு சரியா?

வைகறை:
முந்தின நாள்தான் அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டிருக்கிறது. சுமார் 2,400 பேர் சாவு. டிசம்பர் 8 அன்று ஜப்பான் மீது போர்த் தீர்மானம் வருகிறது. பிரதிநிதிகள் சபையில் 388 பேர் ஆதரவு. எதிர்த்த ஒரே ஆள் மொன்டானா மாநில உறுப்பினர் ஜெனட் ரேங்கின். இதைத் துணிச்சல் என்று கொண்டாட என்னால் முடியவில்லை. அடி வாங்கிய நாட்டைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்ல ஒரு மக்கள் பிரதிநிதிக்கு ஏது உரிமை?

கருவேலங்காடு:
வாக்காளர்கள் கொடுத்த உரிமைதான். 1940-ல் போர் வேண்டாம் என்று சொல்லித்தானே ஓட்டுக் கேட்டார்! 1916-லேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்வான முதல் பெண் அவர். பதவியேற்ற நாலாம் நாளே முதல் உலகப் போருக்கு எதிராக ஓட்டுப் போட்டவர். மொன்டானா தெரிந்துதான் தேர்ந்தெடுத்தது.

வைகறை:
1917 வேறு நண்பரே. அன்று அவரோடு சேர்த்து 50 பேர் எதிர்த்தார்கள். அந்த ஓட்டை நானும் மதிக்கிறேன். 1941-ல் ‘மொன்டானா முழுக்க உனக்கு எதிராக இருக்கிறது’ என்று அவருடைய கூடப்பிறந்த தம்பி வெலிங்டனே சொன்னாரே?

கருவேலங்காடு:
ஊரே எதிர்த்தால் மனசாட்சி மாறிவிடுமா? காரணம் சொல்ல எழுந்தவரைச் சபாநாயகர் ரேபர்ன் பேசவே விடவில்லை. வெளியே கூட்டம் சூழ்ந்துகொள்ள, தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து போலீசைக் கூப்பிட வேண்டியதாயிற்று. பெண்ணான நான் போருக்குப் போக முடியாது, அதனால் வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன் என்றார். எனக்கு இதில் குறை தெரியவில்லை.

தறிச்சத்தம்:
ரெண்டு பேருமே அந்த ரெண்டு ஓட்டை விட்டு நகரவில்லை. 1918 ஜனவரியில் பெண்கள் வாக்குரிமைத் திருத்தத்தின் மீது சபையில் விவாதத்தைத் தொடங்கிவைத்ததே அவர்தான். 274–136 என்று நிறைவேறியது. 1917-ல் மொன்டானாவின் பியூட் சுரங்கத் தீயில் 168 பேர் செத்தபோது, அனகோண்டா என்ற சுரங்கக் கம்பெனியைப் பகைத்துக்கொண்டு தொழிலாளர் பக்கம் நின்றார். அடுத்த தேர்தலுக்குள் தொகுதியைப் பிரித்து, எதிர்க்கட்சி பலமாக இருந்த பகுதியில் அவரைத் தள்ளிவிட்டார்கள். செனட்டுக்கு நின்று தோற்றார். இதையெல்லாம் யார் பேசுவது?

வைகறை:
அந்த வேலைக்கு என் மரியாதை முழுசாக உண்டு. ஆனால் கருவேலங்காடு ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். மூன்றே நாளில் ஜெர்மனி, இத்தாலி மீதான தீர்மானங்கள் வந்தபோது அவர் எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்தார். கொள்கை என்றால் அன்றும் எதிர்த்திருக்க வேண்டாமா?

கருவேலங்காடு:
நியாயமான கேள்வி. அன்றும் எதிர்த்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் 1968-ல், 87 வயதில், வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லி வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முன்னால் நடந்தாரே. அந்த மனுஷிக்குக் கொள்கை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வைகறை:
கொள்கை இல்லை என்று நானும் சொல்லவில்லை. டிசம்பர் 8 ஓட்டு தவறு என்கிறேன்.