இருட்டில் ஊற்றிக் கொடுத்த கூல்டிரிங்க்: சோடா, டயட் சோடாவில் நீங்கள் பட்ட அனுபவம் உண்டா?

சென்டூரியன் சேகர்

2023 மே மாதம். ஸ்டேஜ் சிக்ஸ் லோட் ஷெட்டிங் நாட்கள், முறை வைத்துத் தினமும் பல மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. அம்மா கோவையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இருபது வருடமாக ஷுகர், இன்சுலின் போடுகிறவர். அன்று மாலை ஊசி போட்டாயிற்று, அரிசியும் களைந்தாயிற்று, கரண்ட் போய்விட்டது. கேஸ் சிலிண்டரும் தீர்ந்திருந்தது. ஏதாவது வாங்கி வரலாம் என்று பேசிக்கொண்டே முக்கால் மணி நேரத்தைக் கடத்திவிட்டோம்.

"சேகரு, ஒரு மாதிரி படபடன்னு வருதுடா. கலர் ஏதாச்சும் இருந்தா ஊத்திக் குடு" என்றார். தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் ஸ்வெட்டர் கழுத்து நனைந்திருந்தது. ஷுகர் மீட்டரில் 2.9, இங்கே மில்லிமோல் கணக்கு. ஊர் மில்லிகிராம் கணக்கில் 52. இங்கே நான்குக்குக் கீழே போனாலே லோ ஷுகர்.

ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டிலை எடுத்து டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். கடகடவென்று குடித்தார். கால் மணி கழித்து மறுபடி பார்த்தால் 2.6. இன்னொரு டம்ளர் ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டு, கை நடுங்க நடுங்க என் முழங்காலைத் தட்டி, "சரியாயிடும், நீ பயப்படாதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அப்போதுதான் மகள் போன் லைட்டைப் பாட்டில் மேல் அடித்தாள். "அப்பா, இது ஸீரோப்பா."

அரை வருடம் முன்னால் நான்தான் வீட்டில் எல்லாவற்றையும் ஸீரோவுக்கு மாற்றினேன். அதில் சர்க்கரையே இல்லை என்பதை எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னவனும் நான்தான். நான்கு ஸ்பூன் சர்க்கரையை வெந்நீரில் கலக்கிக் கொடுத்து, இருபது நிமிடத்தில் 4.8 வந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சர்க்கரை இல்லாத தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைத் தேற்றிய அந்த முகம் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

லீனேசியா நைட் ஷிப்ட்

சேகர் அண்ணா, படிக்கும்போது எனக்கே கை நடுங்கியது. என் கதை சாதா கூல்டிரிங்க்.

ஜோபர்க் டர்பன் என்3 நெடுஞ்சாலையில் இரவு வண்டி. தூக்கம் வராமலிருக்க அரை லிட்டர் பாட்டில், இரவுக்கு மூன்று, சில நாள் நான்கு. ஏழு வருடம் இப்படி. ஒரு நாள் ஹாரிஸ்மித் நெருங்கும்போது இடது கால் பெருவிரலில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. கிளட்சை மிதிக்க முடியவில்லை. வான் ரீனன் மலைப்பாதை இறக்கத்தில் இந்தக் காலோடு வண்டியை இறக்கமுடியாது என்று அங்கேயே ஓரம் கட்டினேன். ஷூவைக் கழற்றினேன், விடியும்வரை சாக்ஸைக் கழற்ற முடியவில்லை. துணி நகர்ந்தாலே உயிர் போனது. அந்த இரவு மறக்காது.

கவுட் என்கிற மூட்டுவாதம். ரத்தத்தில் யூரிக் அமிலம் எகிறியிருந்தது. டாக்டர் கேட்டார், பீர்? தொட்டதில்லை. ஆட்டுக்கறி, ஈரல்? காவடிக்கு வருடா வருடம் பத்து நாள் விரதம் இருக்கிறவன், மற்ற நாளிலும் கறி ரொம்பக் குறைவு. கடைசியில்தான் "என்ன குடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறாய்?" என்று கேட்டார். சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ், அதைக் கல்லீரல் உடைக்கும்போது யூரிக் அமிலம் கூடும் என்று விளக்கினார். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு ஒன்றையும் காட்டினார். தினமும் இரண்டோ அதற்கு மேலோ இனிப்புச் சோடா குடித்த ஆண்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட கவுட் வரும் அபாயம் 85 சதவீதம் அதிகம். டயட் சோடாவில் அந்தத் தொடர்பு இல்லை. அன்றோடு ஸீரோவுக்கு மாறிவிட்டேன். இரண்டு வருடமாக விரல் அமைதியாக இருக்கிறது.

டர்பன் நார்த் அம்மா

நைட் ஷிப்ட் தம்பி ஸீரோவுக்கு மாறி நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததால்தான் எழுதுகிறேன். நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன்.

என் பையனுக்குப் பதினைந்து வயது. சர்க்கரை இல்லாவிட்டால் பல் கெடாது என்று நினைத்து, வீட்டில் டயட் மட்டும்தான் அனுமதித்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே கேனை இரண்டு மணி நேரம் வாயில் வைத்து உறிஞ்சுவான். ஒரு நாள் ஐஸ்கிரீமைக் கடித்துவிட்டு அலறினான். பல் டாக்டர் முன்பல்லுக்குப் பின்னால் விளக்கைக் காட்டி என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பல்லின் ஓரம் நகம் மாதிரி வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்தது. சொத்தை ஒன்றுகூட இல்லை. எனாமல் கரைந்திருக்கிறது.

சர்க்கரை இல்லாவிட்டாலும் அமிலம் இருக்கிறதே. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் குறையக் குறைய அமிலம் அதிகம், அது 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்குமாம். கோலாக்கள் சாதாவானாலும் டயட்டானாலும் ஏறக்குறைய இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள்தான். எவ்வளவு குடித்தான் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தான் என்பதுதான் கணக்கு. குடித்தவுடன் பல் துலக்கச் சொல்லிச் சொல்லி அதையும் நானே கெடுத்திருக்கிறேன். அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ் போட்டுத் தேய்க்கக்கூடாது, முதலில் தண்ணீர் கொப்பளித்து அரை மணியாவது விட வேண்டும்.

இது போதாதென்று 2023 ஜூலையில், டயட் பானங்களில் போடும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் வரக்கூடிய பட்டியலில் சேர்த்தது. தம்பி, தயவு செய்து ஸீரோவையும் விடுங்கள்.

லீனேசியா நைட் ஷிப்ட்

அக்கா, பையனுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனால் என் கால் விரலுக்குப் பதில் சொல்லுங்கள். ஸீரோவும் வேண்டாமென்றால் அதிகாலை மூன்று மணிக்கு மூயி ரிவர் பக்கம் கண்ணைச் சொக்கும்போது எதைக் குடிப்பது? காபி குடித்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சாட்ஸ்வொர்த் வார்டு சிஸ்டர்

நைட் ஷிப்ட் தம்பி, மூன்று மணிக்குக் கண் சொக்கினால் குடிப்பது எதுவும் போதாது. வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் படுங்கள்.

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தைப்பூசக் காவடி அன்று கோயில் முதலுதவிக் கூடாரத்தில் இருந்தேன். ஷுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் நடந்த ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். நான் ஓடிப் போவதற்குள் உறவுக்காரர்கள் அவர் தலையை நிமிர்த்தி வாயில் ஆரஞ்சுக் கூல்டிரிங்கை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டியெல்லாம் ஆரஞ்சு நிறம். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம். நினைவில்லாதவர் விழுங்கமாட்டார், அது நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார். அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் ஷுகர்காரர் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

நினைவு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் வாயில் கொடுங்கள். தேவை 15 கிராம் சர்க்கரை. மூன்று ஸ்பூன் சர்க்கரை கலந்த தண்ணீர், அல்லது சாதா கோலா 150 மில்லி. கால் மணி கழித்துப் பாருங்கள், இன்னும் நான்குக்குக் கீழே என்றால் திரும்பக் கொடுங்கள். ஏறியதும் இரண்டு துண்டு ரொட்டியோ சோறோ சாப்பிட வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும்.

அப்புறம், சேகர் தம்பிக்கு நடந்தது ஸீரோ இல்லாத வீட்டிலும் நடக்கலாம். 2018 ஏப்ரல் 1-இல் இங்கே கூல்டிரிங்குக்குச் சர்க்கரை வரி வந்தது. 100 மில்லிக்கு நான்கு கிராம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் வரி. அதைத் தவிர்க்கப் பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்து, மீதிக்கு இனிப்பூட்டி போட்டன. வரி நல்லதுதான், நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் லேபிளில் 100 மில்லிக்கு ஐந்து கிராம் என்று போட்டிருந்தால் லோ ஷுகருக்கு 300 மில்லி கொடுக்க வேண்டிவரும். சிவப்பு லேபிள், பச்சை லேபிள் என்று பார்க்காதீர்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள்.

டர்பன் நார்த் அக்கா, பல் விஷயத்தில் நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. அஸ்பார்டேமில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சேர்த்தது 2பி பட்டியலில். சான்று குறைவாக இருப்பவற்றை வைக்கிற இடம் அது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி உச்ச அளவை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட ஒரு நாளில் ஒன்பது கேனுக்கு மேல் குடிக்க வேண்டும். பயமுறுத்தினால் ஜனங்கள் பழைய இனிப்புக்கே திரும்பிவிடுவார்கள். வார்டில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக ஸீரோ குடித்து இளைக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். எடை குறைக்க இனிப்பூட்டியை நம்பாதீர்கள் என்று அதே நிறுவனம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே ஷுகர் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

டர்பன் நார்த் அம்மா

சரி சிஸ்டர். 2பி விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனாலும் பையன் கேனைத் தொட நான் விடமாட்டேன், அது பல்லுக்காக.

மவுண்ட் எட்ஜ்கோம் பேரன்

எனக்கு எழுபத்தொரு வயது. தமிழ் நான் வயதான பிறகு கோயில் வகுப்பில் எழுதப் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆயா கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவள். 1860-இல் டிரூரோ கப்பல் மதராஸிலிருந்து இங்கே நேட்டாலுக்கு ஆட்களைக் கொண்டுவந்ததே சர்க்கரைக்காகத்தான். ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது கூல்டிரிங்க் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும்தான். ஒரு பாட்டிலை நாங்கள் நாலு பேர் பங்கு போடுவோம். இப்போது பிரேயர் என்றாலும் பதினாறாம் நாள் என்றாலும் மேஜைக்கு மேஜை இரண்டு லிட்டர். ஒரு பாட்டில் சாதா கோலாவில் 200 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்துத் தராசில் போட்டுப் பார்த்தேன், ஒரு கிண்ணம் நிறைந்துவிட்டது.

என் தங்கைக்கு ஷுகரில் கிட்னி போய் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தண்ணீரே அளவுதான். கறுப்புக் கோலா அறவே கூடாது, ஸீரோவும் கூடாது, அதில் போடும் பாஸ்பேட்டைக் கெட்டுப்போன கிட்னியால் வெளியேற்ற முடியாது என்றார்கள். போன தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பாட்டிலைத் திறந்தார்கள். புஸ் என்று சத்தம் வந்ததும் அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு என்று கிண்ணத்தில் இரண்டு ஐஸ் கட்டி வைத்திருந்தோம். ஒன்றை எடுத்து வாயில் ஒதுக்கிக்கொண்டு, இன்னொன்று கரைந்துவிடாமல் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

சென்டூரியன் சேகர்

ஐயா, உங்கள் தங்கையைப் பற்றிப் படித்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கிட்னி டெஸ்ட் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறதாம், திங்கட்கிழமை போகச் சொல்லியிருக்கிறேன்.

சிஸ்டர், நீங்கள் சொன்னபடி இப்போது சாதா கோலாவில் சின்னக் கேன்களாக ஆறு வாங்கி, மீட்டர் இருக்கும் இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். லேபிள் பார்த்துத்தான் வாங்கினேன், 100 மில்லிக்கு 10.6 கிராம். இருட்டில் தடவினாலும் தெரியட்டும் என்று ஒவ்வொன்றிலும் மகள் இரண்டு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறாள். அம்மா மறுபடி ஆகஸ்டில் வருகிறார்.