ஷேர் பணம் வந்த பிறகு வேலையில் மனசு ஒட்டவில்லை, உங்களுக்கும் இப்படி ஆனதா?

ஓஎம்ஆர்_வாசி:
சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். கம்பெனி பங்குச் சந்தையில் லிஸ்ட் ஆனதும் எனக்குக் கொடுத்திருந்த பங்குகளில் பாதியை விற்று வீட்டுக் கடனை அடைத்தேன், அப்பாவின் முழங்கால் ஆபரேஷனும் முடிந்தது. அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் ஆறு மாதமாக லேப்டாப்பைத் திறந்தால் கை ஓடவில்லை. முன்பெல்லாம் ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தாலும் நான்தான் முதலில் உட்காருவேன், இப்போது வேறு யாராவது எடுக்கட்டும் என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீதிப் பங்கு வெஸ்ட் ஆக, அதாவது முழுசாக என் கைக்கு வர, இன்னும் 14 மாதம் இருக்கிறது. அதுவரை நாளை எண்ணிக்கொண்டு இருப்பது சரியா?

பழைய_கோடர்:
இது புதுசு இல்லை தம்பி. மைக்ரோசாஃப்ட் 1986-ல் 21 டாலருக்குப் பங்கு வெளியிட்டது, தொண்ணூறுகளில் அங்கே ஆயிரக்கணக்கான ஊழியர்கள் மில்லியனர் ஆனார்கள். பலர் நாற்பது வயதுக்குள் வேலையை விட்டார்கள், சிலர் மிச்ச ஆப்ஷனுக்காக (முன்பே குறித்த விலைக்குப் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். 1999 கடைசியில் தொட்ட உச்சத்தைப் பங்கு மறுபடி தாண்ட 2016 ஆனது. அதனால் அப்புறம் சேர்ந்தவர்களின் ஆப்ஷன் வெறும் காகிதமாகக் கிடந்தது, ஒரே அறையில் ஒருவர் பணக்காரர், பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை. 2003-ல் கம்பெனியே ஆப்ஷன் கொடுப்பதை நிறுத்திவிட்டு நேரடியாகப் பங்கு கொடுக்க ஆரம்பித்தது. உங்கள் டீமில் புதிதாக வந்த பசங்களுக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வேளச்சேரி_அக்கா:
14 மாதம் கழித்து வரப்போகும் பங்கை ஏற்கெனவே கைக்கு வந்த பணமாக நினைக்காதீர்கள். சென்னையில் தொடங்கிய சாஃப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை நாஸ்டாக்கில் 36 டாலருக்குப் பங்கு வெளியிட்டபோது 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள், ஊரே கொண்டாடியது, நானும் மனசார சந்தோஷப்பட்டேன். அடுத்த வருடமே அந்த விலை பாதிக்கும் கீழே போனது. பங்கு கைக்கு வரும்போதே அன்றைய மதிப்பைச் சம்பளம் மாதிரி கணக்குப் போட்டு வரி பிடித்துவிடுவார்கள், பிறகு விலை விழுந்தால் அந்த வரி திரும்பி வராது. வந்ததை வித்துவிடுங்கள், அதன் பிறகும் இந்த வேலை பிடிக்கிறதா என்று பாருங்கள்.

டீம்_லீட்:
நான் மேனேஜர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பணம் வந்ததும் சோர்ந்தவர்களைவிட, பணத்துக்காகப் பிடிக்காத வேலையை நாலு வருடம் பல்லைக் கடித்துச் செய்து, வந்ததும் அந்தப் பிடி விட்டுப்போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ராத்திரி அழைப்பை எடுக்காமல் விட்டால் அது ஷேர் இல்லாத ஒரு ஜூனியர் பையன் தலையில்தான் விழுகிறது, அது நியாயமே இல்லை. லீடிடம் நேராகப் பேசி ஆன்கால் ரோஸ்டரிலிருந்து (அவசர அழைப்புக்கான முறைப் பட்டியல்) பெயரை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழைப்பு வரும்போது போனை எடுங்கள்.

ஓஎம்ஆர்_வாசி:
டீம்_லீட் சொன்னது சுருக்கென்று பட்டது. போன வாரம் அப்படித்தான் ஆனது, விடிய விடிய அந்தப் பையன்தான் உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமை லீடிடம் பேசுகிறேன்.