எல்ஃபன் லீட்: அவ்வளவு ரத்தம் தேவைதானா?

கடற்காகம்:
2004இல் வந்த எல்ஃபன் லீட் என்ற ஜப்பானிய அனிமே தொடரை இந்த வாரம் மறுபடி பார்த்து முடித்தேன், மொத்தமே 13 பகுதிதான். இதை வெறும் ரத்தக்களரி என்று ஒதுக்குகிறவர்கள் அநாதை இல்லக் காட்சி வரை போயிருக்க மாட்டார்கள். தலையில் கொம்போடு பிறந்ததற்காகத் தினமும் ஏச்சு வாங்கும் ஒரு சிறுமி, யாருக்கும் தெரியாமல் அவள் வளர்க்கும் ஒரு நாய்க்குட்டி, அதையும் அவள் கண்ணெதிரே பையன்கள் அடித்தே கொல்கிறார்கள். லூசி என்ற கொலைகாரி பிறப்பது அங்கேதான். அதைக் காட்டாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

வெயில்மரம்:
நான் முழுசாகப் பார்த்தவன்தான் நண்பரே. தொடர் ஆரம்பித்ததுமே லூசி ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிக்கிறாள், காவலர்களின் கையும் தலையும் பிய்ந்து பறக்கின்றன. அவள் யாரென்றே நமக்கு அப்போது தெரியாது. அப்படியென்றால் அந்த ரத்தம் எந்தத் துக்கத்துக்கு? நம்மை அதிர வைக்க மட்டும்தான். போதாததற்கு அவளை நிர்வாணமாக வேறு நடக்க விட்டிருக்கிறார்கள்.

கடற்காகம்:
தெரியாமல் பார்ப்பதால்தான் அது வேலை செய்கிறது. அந்தக் காவலர்களைப் போலவே நாமும் முதலில் அவளை ஒரு மிருகமாகப் பார்க்கிறோம், பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்ததும் நமக்கே உறுத்துகிறது.

வெயில்மரம்:
சரி, நானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கும் அதே கொம்பு, அதே ஆய்வுக்கூடச் சித்திரவதை. லூசி அவளுடைய இரண்டு கை, இரண்டு கால் எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறாள். அப்புறமும் அந்தப் பெண் செயற்கைக் கைகால்களை, கொம்புள்ளவர்களுக்கு இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கரங்களால் அசைத்துக்கொண்டு, யாரையும் கொல்லாமல் வாழப் பழகுகிறாள். துன்பம்தான் லூசியைக் கொலைகாரி ஆக்கியது என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பழையவானொலி:
நானாவுக்கு 'அப்பா' என்று கூப்பிட ஆய்வுக்கூட அதிகாரி குராமா இருந்தார், அதை விட்டுவிட்டீர்களே. லூசிக்கு இருந்தது சிறுவயதில் நண்பனான கோத்தா மட்டும்தான். திருவிழாவுக்குத் தன்னோடு வரப்போவது பையன்தான் என்று, அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவன் ஒரு பொய் சொல்கிறான்; உண்மையில் வந்தது ஒரு பெண். அந்தப் பொய்யால்தான் ரயிலில் அவன் தங்கையும் அப்பாவும் லூசியின் கையால் சாகிறார்கள். அந்தக் காட்சியில் ரத்தத்தைக் குறைத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் என்னை ரொம்ப அழ வைத்தது மாயு. வீட்டை விட்டு ஓடிவந்து, கடற்கரைக் குடிசையில் ஒரு நாயோடு தங்கி, பேக்கரியில் கொடுக்கும் ரொட்டி ஓரங்களைத் தின்று வாழ்கிற பெண். அவள் தனிமையைச் சொல்ல ஒரு சொட்டு ரத்தம்கூடத் தேவைப்படவில்லை.

வெயில்மரம்:
நான் சொல்வதும் அதைத்தானே! மாயுவை அப்படி எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த ஆரம்பம் எதற்கு?

கடற்காகம்:
முடிவுக்காக. தங்கையைக் கொன்றதை மன்னிக்கவே முடியாது என்று லூசியின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான் கோத்தா, சொல்லிவிட்டும் அவளைக் கட்டிப்பிடிக்கிறான். அவள் செய்ததையெல்லாம் நாமும் கண்ணால் பார்த்திருப்பதால்தான் அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று புரிகிறது. பாதி மறைத்திருந்தால் மன்னிப்பு மலிவாகியிருக்கும்.

வெயில்மரம்:
அந்தக் காட்சி பெரிய காட்சி, அதில் உங்களோடு சண்டை இல்லை. கடைசியில், லூசியின் குழந்தைத்தனமான மறுமுகமான நியூ நோண்டிக்கொண்டே இருந்த அந்தப் பழைய கடிகாரம் ஓடத் தொடங்கி, வாசலில் ஒரு நிழல் தெரிந்தபோது நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கொலைகளுக்கு நீங்கள் சொல்லும் காரணம் அந்த நிர்வாணத்துக்குப் பொருந்தாது. அதனால்தான் என் தங்கையிடம் இந்தத் தொடரைப் பற்றி இதுவரை வாயே திறக்கவில்லை.