கோலிக்குண்டு வாசலுக்கு ஓடுகிறது

குழு: நம்ம வீடு, மதுரை

சனிக்கிழமை

அம்மா, காலை 7:12
(படம்)
குளித்து முக்கால் மணி நேரம் ஆகிறது. பாத்ரூம் கதவுப் பக்கம் தண்ணீர் இப்படித்தான் நிற்கிறது. டைல்ஸ் ஒட்டி இருபது நாள்தான் ஆகிறது.

அக்கா, 7:20
தண்ணீர் போகிற ஓட்டை எதிர் மூலையில்தானே இருக்கிறது? வாசலுக்கு ஏன் வருகிறது?

அம்மா, 7:24
கான்ட்ராக்டரிடம் கேட்டேன். “புது டைல்ஸ்மா, போகப் போக சரியாகிடும். அதுவரைக்கும் ஒரு தள்ளு தள்ளி விட்டுடுங்க” என்றார். வைப்பரையும் அவரே வாங்கித் தந்துவிட்டார்.

நான், 7:31
1,85,000 ரூபாய் வேலைக்கு ஒரு வைப்பர் இலவசம்.

அக்கா, 7:32
டேய், சும்மா இரு. அப்பத்தா ராத்திரி ரெண்டு தடவை எழுந்து போகும். வழுக்கினால் என்ன செய்வது?

சித்தப்பா, 8:05
மதினி, வீட்டில் கோலிக்குண்டு இருக்கிறதா?

அம்மா, 8:09
எதற்கு தம்பி? பல்லாங்குழிப் பெட்டியில் ஒன்றிரண்டு கிடக்கும்.

சித்தப்பா, 8:11
தரையைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மூலைக்கு ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை வைத்து எந்தப் பக்கம் உருளுகிறது என்று வீடியோ எடுங்கள். அப்புறம் பேசலாம்.

அம்மா, 9:40
(வீடியோ)
எங்கே வைத்தாலும் வாசலுக்குத்தான் ஓடுகிறது. கோலிக்குண்டுக்கே உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை என்று அப்பத்தா சிரிக்கிறது.

சித்தப்பா, 9:52
வாட்டம், அதாவது தரையின் சரிவு, தலைகீழாக இருக்கிறது. அடிக்கு ஒரு நூலாவது இறங்க வேண்டும். குளிக்கிற இடத்தில் ஒன்றரை நூல் வைத்தாலும் தப்பில்லை. நம் பாத்ரூம் ஏழடி. வாசலை விட ஓட்டைப் பக்கம் முக்கால் இஞ்சுக்கு மேல் தாழ்ந்திருக்க வேண்டும். போகப் போக எதுவும் சரியாகாது மதினி.

அத்தான், 9:54
நூல் என்றால் எவ்வளவு மாமா?

சித்தப்பா, 9:55
இஞ்சில் எட்டில் ஒன்று மாப்பிள்ளை. சித்தாளுக்குக்கூடத் தெரியும்.

சித்தப்பா, 9:58
இன்னொரு வேலை. ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். கல் மாதிரி சத்தம் வந்தால் சரி. தகர டப்பா மாதிரி வந்தால் அதில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள்.

அம்மா, 11:30
(படம்)
35-ல் 14. ஓட்டை பக்கத்தில் ஒன்று ஆடியது, கத்தி முனையை விட்டதும் கையோடு வந்துவிட்டது.

அம்மா, 11:31
(படம்)
அடியில் இப்படி இருக்கிறது.

நான், 11:33
இது என்ன, நாலு மூலையில் நாலு கொழுக்கட்டை, நடுவில் ஒன்று?

சித்தப்பா, 11:40
அதேதான். கலவையை உருட்டி வைத்து அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சீக்கிரம் முடியும், கலவையும் மிச்சம். பல் கரண்டியால் முழுக்க இழுத்து ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் உள்ள காலி இடத்தில் இப்போது தண்ணீர் இருக்கும். டைல்ஸ் ஒட்டும் முன்னால் ஓட்டையை அடைத்துத் தண்ணீர் கட்டிக் கசிகிறதா என்று பார்த்தார்களா?

அம்மா, 11:44
இல்லையே. ஏதோ வெள்ளையாகப் பூசினார்கள், மறுநாள் காலையில் டைல்ஸ் ஒட்ட ஆரம்பித்தார்கள்.

அக்கா, 11:46
கொட்டேஷனில் “கசிவுத் தடுப்புப் பூச்சு 2 கோட்” என்று எழுதியிருக்கிறான். நம்மிடம் அந்தப் படம் இருக்கிறது.

அம்மா, 11:49
(படம்)
கேன் ஒன்றுதான் வந்தது. ஒரு லிட்டர். கழுவித் துளசி வைத்திருக்கிறேன்.

சித்தப்பா, 11:50
துளசியை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுக் கேனைப் பத்திரமாக வையுங்கள். அது ஒரு கோட்டுக்கே காணாது.

நான், 11:53
நேராகக் கன்ஸ்யூமர் கோர்ட்தான்.

அம்மா, 11:55
வேண்டாம்ப்பா. போன மாதம்தான் மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைத்தார். 500 ரூபாய் மொய் எழுதினேன்.

நான், 11:56
மொய்யையும் சேர்த்துத் திருப்பிக் கேட்போம்.

அக்கா, 12:10
நான் விசாரித்து வைத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

சித்தப்பா, 12:18
எல்லாம் இருக்கட்டும். கையில் பாக்கி எவ்வளவு மதினி?

அம்மா, 12:20
25,000. திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சித்தப்பா, 12:21
தர வேண்டாம். அதுதான் நம் கோர்ட். போனில் பேசாதீர்கள், எழுதி அனுப்புங்கள். யாராவது எழுதித் தாருங்கள், கோபம் இல்லாமல்.

அக்கா, 12:45
இது சரியா பாருங்கள்:
“வணக்கம். பாத்ரூம் தரையில் வாட்டம் வாசல் பக்கம் இருக்கிறது. 35 டைல்ஸில் 14-ல் அடியில் கலவை முழுதாக இல்லை. கொட்டேஷனில் உள்ள 2 கோட் பூச்சு போடப்படவில்லை. படங்களும் வீடியோவும் இணைத்திருக்கிறோம். தரையை முழுவதும் பெயர்த்து, பூச்சு போட்டு, 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு டைல்ஸ் ஒட்டித் தர வேண்டும். எந்தத் தேதியில் ஆரம்பிப்பீர்கள் என்று புதன்கிழமைக்குள் எழுதுங்கள். வேலை முடிந்த அன்றே பாக்கி 25,000 தருகிறோம்.”

நான், 12:47
“ஏமாற்றுக்காரர்” என்ற வார்த்தை எங்கே?

அத்தான், 12:48
அதை நம் குழுவோடு வைத்துக்கொள்வோம் மச்சான்.

திங்கட்கிழமை

அம்மா, மாலை 6:30
வந்து பார்த்தார். முதலில் கொத்தனார் மேல் பழி போட்டார். கோலிக்குண்டை உருட்டிக் காட்டினேன், பேசவில்லை. கேனைக் காட்டினேன், உட்கார்ந்துவிட்டார். கூலி, பூச்சு, சிமெண்ட் எல்லாம் அவர் செலவு. டைல்ஸில் பாதி நாம் தர வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

நான், 6:31
அம்மா!!!

அக்கா, 6:34
விடுடா. 35 சதுர அடியில் பாதிதான். இல்லாவிட்டால் இவன் இன்னும் ஆறு மாதம் இழுப்பான். அம்மா, பழைய அட்டைப்பெட்டியில் உள்ள லாட் நம்பரைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். லாட் மாறினால் நிறம் மாறும்.

அடுத்த சனிக்கிழமை

அம்மா, காலை 8:15
(படம்)
பூச்சு ரெண்டு கோட் போட்டார்கள். இந்தத் தடவை பெரிய வாளி ஒன்று காலி. நன்றாகக் காய்ந்த பிறகு வியாழன் காலை தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்தேன்.

அக்கா, 8:16
ரெண்டு நாளாக அப்பத்தா எங்கே போனது?

அம்மா, 8:17
எதிர் வீட்டுக்கு. அங்கேயே காப்பியும் குடித்துவிட்டு வருகிறது.

சித்தப்பா, 8:20
கோடு என்ன சொல்கிறது?

அம்மா, 8:21
அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் அப்பத்தா அறைச் சுவரையும் தடவிப் பார்த்தேன், ஓதம் இல்லை. நாளை டைல்ஸ் ஒட்ட வரட்டுமா என்று கேட்கிறார்.

சித்தப்பா, 8:24
வாட்டம் பார்க்க நான் ரசமட்டத்தோடு முதல் பஸ்ஸில் வருகிறேன். பாத்ரூம் வாசலில் நாற்காலி ஒன்று போட்டு வையுங்கள் மதினி.

அம்மா, 8:25
அப்பத்தா ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது தம்பி. கோலிக்குண்டும் கையில் இருக்கிறது.