எட்டு மாதத்துக்கு ஒரு பழைய ஆம்னி: டிஎன் 69 என்றாலே கடல் வண்டியா?

கரிசல்காட்டான்:
பழைய வேன் வாங்கலாமா என்று நேற்று கேட்டிருந்தேன். அதற்கு நொய்யல்கரை ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார்: "டிஎன் 69 எண்ணைப் பார்த்தாலே ஓடிவிடுங்கள். அத்தனையும் தூத்துக்குடிக் கடல் வண்டி, உப்புக்காற்றில் துருப்பிடித்து ஃபுளோர் இருக்காது." ராத்திரி முழுக்க அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறேன். எட்டு மாத வேலை. கொத்தனார் ஆட்களைக் கூட்டிவர வேண்டும், ஐந்தாறு மூட்டை சிமெண்ட் ஏற்ற வேண்டும், அம்மாவை மாதம் இரண்டு தடவை திருநெல்வேலிக்கு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 2008 மாடல் மாருதி ஆம்னி வேன் ஒன்று வந்திருக்கிறது. ஐந்து சீட், நாலாவது ஓனர், 55 ஆயிரம் சொல்கிறார்கள். ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 2028 வரை புதுப்பித்திருக்கிறது. வீடு முடிந்ததும் விற்றுவிடுவேன்.

எண் டிஎன் 69தான், தூத்துக்குடிப் பதிவு. ஆனால் எங்கள் கோவில்பட்டிக்கு 96 என்று தனி எண் வருவதற்கு முன்னால் இங்கே பதிந்த வண்டிக்கெல்லாம் 69தானே போட்டார்கள்? எங்கள் ஊர் கரிசல் பூமி. தூத்துக்குடிக் கடலுக்கு அறுபது கிலோமீட்டர். உப்புக்காற்று எந்த வழியாக வந்தது என்று நொய்யல்கரை சொல்லட்டும்.

நொய்யல்கரை:
சொல்கிறேன். நாலாவது ஓனர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் ஓனர் எந்த ஊர்? இரண்டாவது ஓனர் எந்தத் தெரு? அந்த வண்டி பத்து வருடம் கடற்கரை ரோட்டில் நின்றதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் 69 வேண்டாம். அவ்வளவுதான்.

என் மாமனார் இப்படித்தான் ஒரு புரோக்கர் பேச்சைக் கேட்டு வாங்கினார். வெளியே பளபளவென்று பெயின்ட். மூன்றாவது நாள் டயர் பஞ்சர். ஜாக்கி வைத்து ஏற்றினோம். வண்டி அசையவே இல்லை, ஜாக்கி மட்டும் மேலே போனது. குனிந்து பார்த்தால் கதவுக்கு அடியில் உள்ள தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது. தகடு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் வந்தது. அந்த வண்டியின் எண் என்ன தெரியுமா? 69.

கோவை வண்டி வாங்குங்கள், 37 அல்லது 38. பத்தாயிரம் கூடப் போனாலும் பரவாயில்லை.

முத்துநகர் மைந்தன்:
வந்துவிட்டார் கோவைக்காரர். ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் கெட்டது, அவர் தெருவில் நிற்கிற வண்டி மட்டும் தங்கம்.

அண்ணாச்சி, எங்கள் அப்பாவின் வேன் 1996 மாடல். தூத்துக்குடியிலேதான் இன்றைக்கும் ஓடுகிறது. 2011, 2016, 2021 என்று மூன்று தடவை ஆர்சி புதுப்பித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவார். மழைக்காலத்துக்கு முன்னால் வேஸ்ட் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து அடிப்பார். அப்படிப் பார்த்துக்கொண்டால் எந்த எண்ணாக இருந்தால் என்ன? உங்கள் மாமனார் குனிந்து பார்க்காமல் வாங்கியதற்கு எங்கள் ஊர் எண் என்ன செய்யும்?

பழைய ஸ்பேனர்:
முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எண்ணைப் பார்க்காதீர்கள், ஃபுளோரைப் பாருங்கள்.

போகும்போது ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, டிரைவர் காலடியில் உள்ள கால்மிதியைத் தூக்குங்கள். புரோக்கர் "எதுக்கு சார்" என்பார். தூக்குங்கள். ஈர வாடை அடித்தால் அங்கேயே பாதி தெரிந்துவிடும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துரு தின்ற தகடு சொத்தென்று கேட்கும். அடுத்து, காந்தத்தைத் துணியில் சுற்றி நான்கு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி போட்டு இழுத்திருக்கிறார்கள். இழுக்கும் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளத்தில் மண் சேர்ந்து தண்ணீர் நிற்கும், ஆம்னியில் முதலில் அரிக்கிற இடங்களில் அது ஒன்று. கதவின் அடியில் தண்ணீர் வடிகிற துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் கோவையிலும் துரு வரும், கொடைக்கானலிலும் வரும்.

கடைசியாகப் பின்பக்கம் படுத்துப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங், அதாவது பின் சக்கரப் பட்டை வில், பாடியில் மாட்டும் இடம் திடமாக இருக்கிறதா? அது போயிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஃபுளோரில் உள்ளங்கை அளவு ஓட்டை என்றால் தகடு வைத்து வெல்டிங் அடித்துக்கொள்ளலாம், எட்டு மாதம் என்ன, எட்டு வருடம் நிற்கும்.

இன்ஜின் பற்றிப் பயப்படாதீர்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் சீட்டைத் தூக்கினால் கைக்கு எட்டும். 1984இல் வந்த வண்டி, 2019 வரை விற்றார்கள். எந்த ஊர்ப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் குடிக்கிறது.

நொய்யல்கரை:
எட்டு வருடம் நிற்குமாம்! இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஸ்பேனர் அண்ணன்தான் துருவுக்கு மேலேயே அண்டர் கோட்டிங், அதாவது வண்டி அடிப்பக்கப் பூச்சு, அடிக்கலாம் என்று இங்கே எழுதினார். துருவுக்கு மேல் தார் மாதிரி அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் வேகமாகத் தின்னும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். பதில் வரவில்லை. இன்றைக்கு வெல்டிங் பாடம்.

நீங்கள் சொன்ன அத்தனை இடத்தையும் முதல் தடவை வண்டி வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பார்? அதற்குத்தான் எண்ணைப் பார்க்கச் சொல்கிறேன். 69 என்றால் விலகுங்கள். ஒரு நொடி வேலை.

பழைய ஸ்பேனர்:
துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகு கோட்டிங் என்றுதான் எழுதினேன். பாதியைப் படித்துவிட்டு இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள், தம்பி.

அடையாறு ஆலமரம்:
துருவை விடுங்கள். யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கரிசல்காட்டான் சார், ஆர்சியில் உங்கள் பேரை மாற்றப் போகிறீர்களா, இல்லை "எட்டு மாதம்தானே" என்று விடப் போகிறீர்களா?

கரிசல்காட்டான்:
எட்டு மாதம்தானே சார். விற்கிறவரும் ஓப்பன் ஃபாரத்தில், அதாவது வாங்குகிறவர் பேர் எழுதாத படிவத்தில், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அடுத்து வாங்குகிறவர் நேரடியாக மாற்றிக்கொள்ளட்டும்.

அடையாறு ஆலமரம்:
அதைச் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2018இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அந்த வண்டி பேர் மாற்றாமலே கைமாறிக் கைமாறி விபத்தில் சிக்கியது. முதலில் விற்றவர் பேர்தான் ஆர்சியில் இருந்தது. சட்டப்படி அவர்தான் உரிமையாளர், இழப்பீடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. அதாவது உங்களுக்கு விற்கிற அந்த நல்ல மனிதர் மாட்டிக்கொள்வார். நீங்கள் விற்ற பிறகும் இதே கதைதான். படிவம் 29, 30 போட்டு மாற்றுங்கள். விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவே சொல்கிறது. அப்படியே மூன்றாம் நபர் இன்சூரன்ஸையும் உங்கள் பேருக்கு மாற்றுங்கள். 2022இல் அறிவித்த கட்டணப்படி ஆயிரம் சிசிக்குள் இருக்கும் காருக்கு வருடம் 2,094 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஒரு லோடு மணல் விலைகூட இல்லை.

நொய்யல்கரை:
பேர் மாற்றுவதை யார் வேண்டாம் என்றார்கள்? மாற்றட்டும். ஆனால் எந்த வண்டிக்கு மாற்றுகிறார் என்பதுதான் கேள்வி. 69 வண்டியில் பேர் மாற்றினால் துரு போய்விடுமா?

இன்னொன்றையும் எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. முழுகிய வண்டிகளெல்லாம் எங்கே போயின? கழுவித் துடைத்து இப்போது இப்படி 55 ஆயிரத்துக்கு வந்து நிற்கின்றன. காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறீர்கள்.

முத்துநகர் மைந்தன்:
வெள்ளத்தில் எங்கள் ஜனம் பட்ட பாட்டை எடுத்து வந்து வண்டி விலைக்கு உதாரணம் காட்டாதீர்கள். மூன்று நாள் மாடியில் உட்கார்ந்து பால் பாக்கெட்டுக்குக் காத்திருந்த குடும்பம் எங்களுடையது. கோபமாகவே சொல்கிறேன்.

வெள்ளம் எங்களுக்கு மட்டும் வந்ததா? 2015 டிசம்பரில் சென்னையில் முழுகிய கார்கள் தமிழ்நாடு முழுக்க விலை போகவில்லையா? அதில் எத்தனை வண்டி உங்கள் ஊருக்கு வந்து கோவை வண்டி என்ற பேரில் கைமாறியதோ!

அப்புறம் காயலான் கடை என்று இளக்காரமாக எழுதியிருக்கிறீர்கள். பழைய சாமானுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று கடை போட்டு உட்கார்ந்த காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்த பேர் அது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்தப் பேரை வைத்தே எங்களைத் திட்டுகிறீர்கள்.

அடையாறு ஆலமரம்:
2015 வண்டிகள் என்றதும் ஏன் எங்கள் பக்கம் திரும்புகிறீர்கள்? முழுகிய வண்டியைச் சொல்லித்தான் விற்றார்கள் எங்கள் தெருவில். மறைத்தவர்கள் புரோக்கர்கள்.

நொய்யல்கரை:
காயலான் கடை என்பது எல்லோரும் சொல்கிற சொல். யாரையும் திட்டவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். முழுகிய 69 வண்டி சந்தையில் இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், நான் போய்விடுகிறேன்.

முத்துநகர் மைந்தன்:
முழுகிய 37 வண்டி இருக்கிறதா இல்லையா? முதலில் நீங்கள் எழுதுங்கள்.

குடும்பத்தோடு ஈகோ:
எதற்கு இந்தச் சண்டை? 2010இல் மாருதியின் ஈகோ வேன் வந்துவிட்டது. 1196 சிசி, ஏசி உள்ள மாடலும் உண்டு. கொஞ்சம் பணம் சேர்த்து அதை வாங்கினால் அம்மாவும் சுகமாகப் போய்வருவார். அது சரி, தற்காலிகம் என்றால் எத்தனை மாதம் என்று கணக்கு? எட்டு மாத வீட்டு வேலை எட்டு மாதத்தில் முடிந்ததை நான் பார்த்ததில்லை.

கரிசல்காட்டான்:
ஈகோ வாங்க என்னிடம் பணம் இல்லை சார். இருப்பது ஜன்னல் கம்பிக்கு ஒதுக்கி வைத்த காசு. அதிலிருந்துதான் எடுக்கிறேன். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

இன்று காலை ஆறு மணிக்கே போய் வண்டியைப் பார்த்துவிட்டேன். ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி கால்மிதியைத் தூக்கினேன். டிரைவர் பக்கம் கணீர் சத்தம். இடது பக்கம், இழுக்கும் கதவுக்கு உள்ளே, ஒரு இடத்தில் சொத்தென்று கேட்டது. லேசாகக் குத்தினேன், ஸ்குரூ டிரைவர் இறங்கிவிட்டது. எடுத்துவிட்டுக் குனிந்தால் கீழே மண் தெரிகிறது, ஒரு எறும்புச் சாரைகூடத் தெரிந்தது. ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை. சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துரு. லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் நன்றாக இருக்கிறது, படுத்துக் கையால் தடவிப் பார்த்தேன். புகை இல்லை. ஓட்டையைக் காட்டி 48க்குக் கேட்டேன், 50க்கு நிற்கிறார்.

நொய்யல்கரை:
ஓட்டை! நான் என்ன சொன்னேன்? 69, ஓட்டை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பழைய ஸ்பேனர்:
பதினெட்டு வயதாகப் போகிற வண்டியில் இழுக்கும் கதவுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை என்றால் அந்த வண்டி நன்றாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் நின்ற இடம் மட்டும் போயிருக்கிறது. கடல் வண்டியாக இருந்தால் ஃபுளோர் முழுக்கப் பொரிந்திருக்கும், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் தகடு ஏடு ஏடாக உரியும். துருவைச் சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு ஒரு சாண் தகடு வையுங்கள். வெல்டிங் அடிக்கும் முன்னால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் யாரையும் பற்ற வைக்க விடாதீர்கள். 50க்கு முடியுங்கள்.

நொய்யல்கரை:
"நன்றாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்." ஓட்டை இருந்தால் நல்ல வண்டி! ஒரு ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் தெரியாதது எத்தனை? இடது பக்கம் மட்டும் ஏன்? காற்று அடிக்கிற பக்கமாக நிறுத்தியிருப்பார்கள். அதாவது கடல் பக்கமாக.

முத்துநகர் மைந்தன்:
கடல் பக்கமாக இடது கை காட்டி நிறுத்தினார்களாம். அந்த இடத்துக்கு உப்புக்காற்று மட்டும் சுற்றி வளைந்து கதவைத் திறந்து வந்ததாம். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் ஜூலையில் சாரல் அடிக்குமே, அது எந்தப் பக்கத் தகட்டைத் தின்னும் என்றும் சொல்லிவிடுங்கள்.

நொய்யல்கரை:
எங்கள் சாரலில் உப்பு இல்லைங்க.

அடையாறு ஆலமரம்:
கரிசல்காட்டான் சார், 50 கொடுப்பதற்கு முன்னால் விற்பவர் ஆர்டிஓ ஆபீஸுக்குக் கூட வருவாரா என்று கேட்டீர்களா? ஆர்சியில் லோன் பதிவு எதுவும் இருக்கிறதா? இருந்தால் லோன் பதிவை நீக்கப் படிவம் 35 வேண்டும். இதற்கு மட்டும் பதில் போடுங்கள்.

கரிசல்காட்டான்:
லோன் இல்லை சார், பார்த்துவிட்டேன். திங்கட்கிழமை கூட வருகிறேன் என்றார். இரண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன்.

நொய்யல்கரை:
அட்வான்ஸும் கொடுத்தாயிற்றா? சரி, உங்கள் காசு. அந்த முதல் ஓனர் எந்த ஊர் என்று கேட்டேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆர்சியில் பழைய விலாசம் இருக்கும். எடுத்துப் போடுங்கள். கோவில்பட்டியா தூத்துக்குடியா பார்த்துவிடலாம்.

முத்துநகர் மைந்தன்:
தூத்துக்குடி என்றே வரட்டும். அப்படி வந்தால் உங்கள் மாமனார் வண்டியின் ஆர்சியையும் எடுத்துப் போடுங்கள். அது எந்த ஊரில் எத்தனை வருடம் நின்றது என்று நானும் பார்க்கிறேன்.

நொய்யல்கரை:
அது விற்றாயிற்று.

முத்துநகர் மைந்தன்:
யாரிடம் விற்றீர்கள், ஓட்டையைச் சொல்லியா, சொல்லாமலா?