புதுப்பிப்பு: கார வினிகர் டானிக் வடிகட்டியாச்சு

ஆப்பிள் சைடர் வினிகர்ல இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மிளகு, பொங்கலுக்கு கோயம்பேட்டுல வாங்கின மஞ்சள் கொத்துக் கிழங்கு எல்லாம் ஊறப் போட்டேன்னு எழுதியிருந்தேன்ல, வடிகட்டிட்டேன்.

பூண்டு நீலப்பச்சையா மாறிடுச்சே, கெட்டுப்போச்சான்னு கேட்டிருந்தீங்க. இல்லைங்க. பூண்டுல இருக்கிற கந்தகச் சேர்மங்கள் புளிப்புல ஊறினா அப்படித்தான் நிறம் மாறும், பயப்படாம சாப்பிடலாம். மேலே பூஞ்சை படர்ந்தா மட்டும் மொத்தத்தையும் கொட்டிடுங்க. எல்லாமே வினிகருக்குள்ள முங்கியே இருக்கணும், அதுவும் நம்ம ஊர் வெயிலுக்கு. தகர மூடியை வினிகர் அரிச்சிடும், நடுவுல பட்டர் பேப்பர் வைங்க.

தேன் சேர்க்கிறது, வடிகட்டின பிறகுதான். இந்த டானிக்ல ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணியில கலந்து குடிங்க, வெறுமனே குடிச்சா பல் எனாமலுக்கு ஆகாது. அல்சர்காரங்க தொடவே வேணாம்.

சளி ஓடிடும்னெல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சக்கையில அரைச்ச துவையல், தயிர் சாதத்துக்கு செம!