புதுப்பிப்பு: கொழுக்குமலையில் கூடாரத்தில் ஓர் இரவு, குளிருக்கு எது உதவியது

ஜனவரியில் மூணாறு பக்கம் உள்ள கொழுக்குமலையில் கூடாரத்தில் தங்கிச் சூரிய உதயம் பார்க்கப் போகிறோம், அம்மாவும் வருகிறார், குளிரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போய்விட்டு வந்தாயிற்று.

பலித்தது, "மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதைக் கவனி" என்ற யோசனைதான். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடுகிறது. ஃபோம் பாய் இரண்டை அடுக்கி விரித்ததும் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். படுக்கும் முன் காலுறை உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொன்னவருக்குத் தனி நன்றி. வியர்வை ஈரம்தான் நள்ளிரவில் நடுங்க வைக்கும்.

எதிர்பாராதது கூடாரத்துக்குள் சொட்டிய தண்ணீர். மழை இல்லை, நாங்கள் விட்ட மூச்சுதான் குளிர்ந்த துணியில் பட்டு நீராகியிருந்தது. காற்றுத் திறப்பைக் கொஞ்சம் திறந்து வைத்ததும் குறைந்தது.

சூரியநெல்லி என்ற ஊரிலிருந்து மேலே போக ஜீப் மட்டும்தான்; பாதை முழுக்கக் கல், முதுகுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், விடியும்போது எல்லோரும் கிழக்கே தேனிப் பக்கம் மேகத்தையே பார்க்கிறார்கள். ஒருமுறை திரும்பி மீசப்புலிமலையையும் பாருங்கள். 2,640 மீட்டர் உயரம் என்பதால் வெயில் முதலில் அதன் உச்சியில்தான் விழுகிறது.